ஹாஸ்பிஸ் பராமரிப்பு: முதல் சந்திப்பு முதல் பிரிவுக்குப் பின்வரை, குடும்பத்துக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

"இனிமேல் செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுங்கள்." இதைக் கேட்டதும் குடும்பத்தார் மனதில் எழும் முதல் கேள்வி, "இன்னும் எத்தனை நாள்?" வீட்டுக்கு வந்து முதல் இரவு கழிவதற்குள் கேள்வி மாறிவிடும். நள்ளிரவு இரண்டு மணிக்கு வலி தாங்காமல் அவர் முனகுகிறார். எந்த மாத்திரையைக் கொடுப்பது, எவ்வளவு கொடுப்பது, யாருக்குப் போன் செய்வது? முதல் கேள்விக்கு யாராலும் சரியாகப் பதில் சொல்ல முடியாது. இரண்டாவதற்குப் பதில் உண்டு. அந்தப் பதிலை முன்கூட்டியே வீட்டில் தயாராக வைத்திருக்கும் ஏற்பாட்டுக்குத்தான் ஹாஸ்பிஸ் என்று பெயர்.

அந்த ஏற்பாடு எப்படி நடக்கிறது என்பதை வரிசையாகப் பார்ப்போம். மருந்தின் அளவை உங்கள் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். அவரிடம் என்ன கேட்பது, எதைத் தள்ளிப்போடக் கூடாது என்பதை மட்டும் இங்கே சொல்கிறேன்.

ஹாஸ்பிஸ் என்பது எது

பலர் நினைப்பதுபோல அது சாகப்போகிறவர்களைக் கொண்டுபோய் விடும் கட்டடம் மட்டுமல்ல. கட்டடமாகவும் இருக்கலாம், ஆனால் பெரும்பாலும் வீட்டுக்கு வந்து பார்க்கும் ஒரு குழுவாகவே இருக்கிறது. மருத்துவர், செவிலியர், சமூகப் பணியாளர், மனநல ஆலோசகர், கேட்டால் மட்டும் வரும் ஆன்மிக ஆலோசகர், பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள் ஆகியோர் அதில் இருப்பார்கள். சில இடங்களில் இயன்முறை மருத்துவரும் உண்டு. அன்றாட வேலையைக் குடும்பம் செய்கிறது. அதைக் கற்றுக்கொடுப்பதும், தடுமாறும்போது கைகொடுப்பதும் குழுவின் பொறுப்பு. இதை முதலிலேயே புரிந்துகொள்வது நல்லது. இருபத்து நான்கு மணி நேரமும் ஒரு செவிலியர் வீட்டிலேயே உட்கார்ந்திருப்பார் என்று எதிர்பார்த்து ஏமாந்து போகும் குடும்பங்கள் நிறைய.

இன்றைய ஹாஸ்பிஸுக்கு அடித்தளம் போட்டவர் சிசிலி சாண்டர்ஸ். செவிலியராகவும் மருத்துவமனைச் சமூகப் பணியாளராகவும் இருந்துவிட்டு, வலியால் துடிப்பவர்களுக்கு உருப்படியாக ஏதாவது செய்ய வேண்டுமென்றே மருத்துவம் படித்து, 1957இல் மருத்துவரானவர். 1967இல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸைத் திறந்தார். அதற்கான விதை 1948இல் விழுந்தது. டேவிட் தாஸ்மா என்ற போலந்து அகதி, தன் கடைசி நாட்களில் அவரோடு பேசிய பேச்சுகளின் நினைவாக 500 பவுண்டை விட்டுச் சென்றார். உங்கள் இல்லத்தில் நான் ஒரு ஜன்னலாக இருப்பேன் என்று சொல்லியிருந்தார். அந்த 500 பவுண்டு ஒரு கட்டடமாக எழும்ப 19 ஆண்டுகள் ஆயின.

சாண்டர்ஸ் 'முழு வலி' என்றொரு கருத்தை முன்வைத்தார். உடம்பு வலிக்கும், கூடவே கடன், பிள்ளைகளின் எதிர்காலம், பேசாமல் விட்ட தம்பி, "நான் என்ன பாவம் செய்தேன்" என்ற கேள்வி, இவையெல்லாமும் வலிக்கும். இவற்றில் ஒன்றைக் கவனிக்காமல் விட்டால் மருந்தை எவ்வளவு ஏற்றினாலும் வலி அடங்காது. ஹாஸ்பிஸ் குழுவில் மருத்துவரோடு ஏன் இத்தனை பேர் என்பதற்கு இதுதான் காரணம்.

இன்னொரு சொல்லும் காதில் விழும்: தணிப்புச் சிகிச்சை, அதாவது பாலியேட்டிவ் கேர். 1970களில் மான்ட்ரியாலில் பால்ஃபர் மவுண்ட் என்ற மருத்துவர் இந்தப் பெயரைக் கொண்டுவந்தார். பிரெஞ்சு பேசும் அந்த ஊரில் 'ஹாஸ்பிஸ்' என்ற சொல்லுக்கு ஆதரவற்றோர் விடுதி என்ற வாடை இருந்ததே காரணம். நடைமுறையில் வித்தியாசம் இதுதான்: தணிப்புச் சிகிச்சையை நோய் கண்டறிந்த நாளிலிருந்தே, குணப்படுத்தும் சிகிச்சையோடு சேர்த்துப் பெறலாம். நோயை விரட்டும் சிகிச்சை இனிப் பயன் தராது, அல்லது நோயாளிக்கே அது போதும் என்று தோன்றிவிட்டது என்ற கட்டத்தில் ஹாஸ்பிஸ் வருகிறது. இரண்டுமே மரணத்தை விரைவுபடுத்துவதில்லை, வலிந்து தள்ளிப்போடுவதுமில்லை. கருணைக்கொலையோடு இதைப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

படி 1: எப்போது கேட்பது

குடும்பங்கள் செய்யும் மிகப் பெரிய தவறு, தாமதமாகக் கேட்பது. கடைசி மூன்று நாளில் ஹாஸ்பிஸுக்கு வருகிறவருக்கு வலியைக் குறைக்கலாம். ஆனால் அவர் விருப்பத்தைக் கேட்டறியவோ, வீட்டாருக்குப் பயிற்சி கொடுக்கவோ நேரம் இருக்காது.

மருத்துவர்கள் தங்களுக்குள் கேட்டுக்கொள்ளும் ஒரு கேள்வி உண்டு: "இந்த நோயாளி அடுத்த ஒரு வருடத்துக்குள் இறந்துபோனால் நான் ஆச்சரியப்படுவேனா?" ஆச்சரியப்பட மாட்டேன் என்றால் பேச்சைத் தொடங்க வேண்டிய நேரம் வந்துவிட்டது. உங்கள் மருத்துவரிடம் இதே கேள்வியை நீங்களே கேட்கலாம். "எத்தனை நாள்?" என்று கேட்டால் நழுவுகிறவரும் இதற்குப் பெரும்பாலும் நேர்மையாகப் பதில் சொல்வார்.

வீட்டில் கண்ணுக்குத் தெரியும் அடையாளங்களும் இருக்கின்றன. பகலில் பாதிக்கு மேல் படுக்கையிலேயே கழிகிறது. காரணமில்லாமல் எடை இறங்குகிறது. சில மாதங்களுக்குள் திரும்பத் திரும்ப மருத்துவமனையில் சேர்க்க வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு முறை திரும்பி வரும்போதும் முன்பைவிட ஒரு படி கீழேதான் இருக்கிறார். புற்றுநோய்க்கு மட்டுமே ஹாஸ்பிஸ் என்ற எண்ணமும் தவறு. இதயச் செயலிழப்பு, நாள்பட்ட நுரையீரல் நோய், சிறுநீரகம் அல்லது கல்லீரல் செயலிழப்பு, முற்றிய மறதிநோய், நரம்புத் தேய்மான நோய்கள் எல்லாவற்றுக்கும் இது உண்டு. புற்றுநோயில் சரிவு ஓரளவு கணிக்கக்கூடியது. இதய நோயிலும் நுரையீரல் நோயிலும் விழுந்து எழுந்து விழுந்து எழுந்து போவதால், "போன முறையும் இப்படித்தான் இருந்தார், பிழைத்துக்கொண்டார்" என்றே நாள் கடந்துவிடும்.

சீக்கிரம் போனால் சீக்கிரம் சாவு என்ற பயம் பலருக்கு உண்டு. 2010இல் அமெரிக்காவின் பாஸ்டனில் முற்றிய நுரையீரல் புற்றுநோயாளிகள் 151 பேரிடம் நடந்த ஆய்வு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வழக்கமான சிகிச்சையோடு ஆரம்பத்திலிருந்தே தணிப்புச் சிகிச்சையும் பெற்றவர்களின் ஆயுள் நடுமதிப்பு 11.6 மாதம், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களுக்கு 8.9 மாதம். முதல் பிரிவினர் கடைசிக் கட்டத்தில் கடுமையான சிகிச்சைகளைக் குறைவாகவே எடுத்துக்கொண்டார்கள், மனச்சோர்வும் அவர்களிடம் குறைவு. எல்லா நோய்க்கும் இந்தக் கணக்கு பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் "சீக்கிரம் போனால் சீக்கிரம் சாவு" என்பதை இனி யாரும் சொல்ல வேண்டாம்.

சேர்வதற்கான விதி நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவின் மெடிகேர் காப்பீட்டில், நோய் அதன் போக்கில் போனால் ஆயுள் 6 மாதம் அல்லது அதற்கும் குறைவு என்று மருத்துவர்கள் சான்று தர வேண்டும். பல நாடுகளில் அப்படிக் கெடு எதுவும் இல்லை. எங்கேயானாலும் ஹாஸ்பிஸில் சேர்வது ஒருவழிப் பாதை கிடையாது. உடல் தேறினாலோ, மனம் மாறினாலோ வெளியே வந்து பழைய சிகிச்சைக்குத் திரும்பலாம்.

படி 2: முதல் சந்திப்பு

குழு வருவதற்கு முன் மருத்துவமனையின் டிஸ்சார்ஜ் சம்மரி, சமீபத்திய ஸ்கேன் அறிக்கை, தற்போது கொடுக்கும் எல்லா மருந்துகளின் பட்டியல், ஒவ்வாமை விவரம் ஆகியவற்றை எடுத்து வையுங்கள். யாரோ சொன்னார்கள் என்று கொடுக்கும் மூலிகை மருந்தையும் மறைக்க வேண்டாம். செவிலியர் வலி, மூச்சுத்திணறல், குமட்டல், தூக்கம், சோர்வு, பதற்றம் ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 10 வரை எவ்வளவு என்று நோயாளியிடமே கேட்பார். பக்கத்தில் நிற்பவர்கள் முந்திக்கொண்டு பதில் சொல்லாமல் இருப்பது பெரிய உதவி.

மருந்துப் பட்டியலில் பாதி அன்றே குறையலாம். பத்து வருடம் கழித்து வரக்கூடிய மாரடைப்பைத் தடுக்கும் கொலஸ்ட்ரால் மாத்திரையால் இப்போது பயன் இல்லை. அதை நிறுத்துவது கைவிடுவதாகாது. விழுங்கவே சிரமப்படுகிறவருக்குப் பன்னிரண்டு மாத்திரை ஐந்தாகக் குறைவது ஒரு விடுதலை.

நீங்கள் கேட்க வேண்டியவற்றை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்:

இரவிலும் விடுமுறையிலும் போனை எடுப்பது யார்? கூப்பிட்டால் எவ்வளவு நேரத்தில் வருவீர்கள், அல்லது போனில் மட்டும்தானா?
மார்ஃபின் போன்ற கடும் வலிக்கான மருந்துகள் எங்கே கிடைக்கும்? தீர்ந்துபோவதற்கு எத்தனை நாள் முன்பே சொல்ல வேண்டும்?
வீட்டில் சமாளிக்க முடியாமல் போனால் உங்களிடம் படுக்கை உண்டா?
எனக்குச் சில நாள் ஓய்வு தேவைப்பட்டால் அவரைப் பார்த்துக்கொள்ள ஏற்பாடு இருக்கிறதா?
வீட்டில் இறந்தால் இறப்பைச் சான்றளிப்பது யார்?

முதல் கேள்விக்குத் தெளிவான பதில் வராத சேவையை நான் அரை ஹாஸ்பிஸ் என்றுதான் சொல்வேன். பகலில் வந்து ரத்த அழுத்தம் பார்த்துவிட்டுப் போவது எளிது. இரவு இரண்டு மணிதான் சோதனை.

படி 3: யாருக்கு என்ன தெரியும்

"அவரிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள் டாக்டர், தாங்க மாட்டார்." அன்பினால் சொல்வதுதான். ஆனால் தன் உடம்பு கரைவதை அவரைவிட நன்றாக அறிந்தவர் யார்? பெரும்பாலும் நோயாளிக்குத் தெரியும். குடும்பம் தாங்காது என்று அவர் மறைப்பார்; அவர் தாங்க மாட்டார் என்று குடும்பம் மறைக்கும். ஒரே அறையில் இருந்துகொண்டு இருவரும் தனித்தனியாக அழுவார்கள்.

உண்மையைத் தலையில் போட்டு உடைக்கவும் வேண்டாம். அனுபவமுள்ள செவிலியர்கள் கேள்வியிலிருந்துதான் தொடங்குவார்கள்: "உங்கள் உடம்பைப் பற்றி உங்களுக்கு என்ன தோன்றுகிறது?" பிறகு, "விவரமெல்லாம் தெரிந்துகொள்ள விரும்புகிறீர்களா, அல்லது மகளிடம் பேசினால் போதுமா?" சிலர் மகளிடம் பேசுங்கள் என்பார்கள், அதுவும் அவர் முடிவுதான். "நான் செத்துப்போய்விடுவேனா?" என்று உங்களிடமே கேட்டால், "அப்படியெல்லாம் பேசாதீங்க" என்று வாயை அடைக்காதீர்கள். "ஏன் அப்படித் தோணுது?" என்று கேட்டுவிட்டு உட்காருங்கள்.

குழந்தைகளுக்கு அவர்கள் வயதுக்கேற்ற எளிய சொற்களில் உண்மையைச் சொல்லுங்கள். "தாத்தா தூங்கப் போகிறார்" என்று சொன்னால் தூங்கவே பயப்படும் குழந்தைகள் உண்டு. தங்கள் குறும்பினால்தான் நோய் வந்தது என்று சின்னக் குழந்தைகள் நம்பிக்கொள்வதும் உண்டு. அது உன்னால் வரவில்லை என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

படி 4: எழுத்தில் வைக்க வேண்டிய முடிவுகள்

நோயாளி தெளிவாகப் பேசும்போதே இதைச் செய்துவிட வேண்டும். தன்னால் பேச முடியாதபோது தனக்காக முடிவெடுப்பவர் யார்? இதயம் நின்றால் மார்பை அழுத்தி மீட்கும் சிபிஆர் வேண்டுமா? வெண்டிலேட்டர், ஐசியூ, மூக்குக் குழாய் உணவு? காய்ச்சல் வந்தால் மருத்துவமனைக்குப் போக வேண்டுமா, வீட்டிலேயே மருந்து போதுமா? எங்கே இறக்க விரும்புகிறார்?

சிபிஆர் பற்றி ஒரு வார்த்தை. சினிமாவில் அது பெரும்பாலும் பலிக்கும். முற்றிய நோயில் உடல் முழுவதும் தளர்ந்து நிற்கும் இதயத்துக்கு அது அநேகமாகப் பலிப்பதில்லை. விலா எலும்புகள் உடைய, அறையிலிருந்து குடும்பத்தார் வெளியேற்றப்பட, கடைசி நிமிடங்கள் கழியும். அதை வேண்டாம் என்று எழுதுவதால் மற்ற கவனிப்பு எதுவும் குறையாது. இந்த ஆவணங்களின் சட்ட மதிப்பு இடத்துக்கு இடம் வேறுபடும். குழுவின் சமூகப் பணியாளரிடம் கேட்டுச் சரியான படிவத்தில் எழுதுங்கள். பிரதியை எல்லோருக்கும் தெரியும் இடத்தில் வையுங்கள். பீரோவுக்குள் பூட்டினால் பயனில்லை.

பலரும் மறக்கும் ஒன்று: மார்பில் ஐசிடி எனப்படும் மின்அதிர்ச்சிக் கருவி பொருத்தியிருந்தால், அதன் அதிர்ச்சி கொடுக்கும் வேலையை முன்பே நிறுத்தச் சொல்லுங்கள். இல்லையென்றால் இறக்கும் தறுவாயில் அது திரும்பத் திரும்ப அதிர்ச்சி கொடுத்துக்கொண்டிருக்கக்கூடும். சாதாரண பேஸ்மேக்கரால் இந்தச் சிக்கல் இல்லை. ஆனால் தகனம் செய்வதாக இருந்தால் ஐசிடி, பேஸ்மேக்கர் இரண்டையுமே முன்கூட்டிச் சொல்ல வேண்டும். அவற்றின் பேட்டரி சூட்டில் வெடிக்கும்.

படி 5: வீட்டைத் தயார்செய்வது

கழிவறைக்குப் பக்கத்தில், ஆட்கள் நடமாடும் இடத்தில் படுக்கையைப் போடுங்கள். ஒதுக்குப்புற அறை அமைதியானதுதான், ஆனால் தனிமையானது. தலைப்பக்கம் உயர்த்தக்கூடிய கட்டில், காற்று மெத்தை, கட்டிலோரம் வைக்கும் கழிப்பு நாற்காலி, கை எட்டும் தூரத்தில் ஒரு மணி, கண்ணைக் கூசாத இரவு விளக்கு ஆகியவை போதும். பலவற்றை ஹாஸ்பிஸே இரவலாகத் தரும்.

ஒரு நோட்டு வாங்குங்கள். என்ன மருந்து, எத்தனை மணிக்கு, யார் கொடுத்தது, அதற்கு முன்னும் பின்னும் வலி எவ்வளவு என்பதை அதில் எழுதுங்கள். முன் அட்டையில் இரவுத் தொலைபேசி எண். மருந்துக்குப் பொறுப்பு ஒரே ஒருவர். அவர் இல்லாதபோது நோட்டைப் பார்த்து இன்னொருவர். அண்ணனும் தங்கையும் ஆளுக்கொரு முறை கொடுத்துவிட்ட கதையெல்லாம் நோட்டு இல்லாத வீட்டில்தான் நடக்கும்.

படி 6: வலி

இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டும், ஏனென்றால் பயமும் இங்கேதான் அதிகம்.

வலி மருந்தை மணிப்படி கொடுக்க வேண்டும், வலி வந்த பிறகல்ல. சாண்டர்ஸ் வற்புறுத்தியதும், உலக சுகாதார நிறுவனம் 1986இல் வெளியிட்ட புற்றுநோய் வலி வழிகாட்டுதல் சொன்னதும் இதையே: முடிந்தவரை வாய்வழி, மணி தவறாமல். சாதாரண மார்ஃபின் மாத்திரை சுமார் நான்கு மணி நேரம் வேலை செய்யும். நேரம் தாண்டி, வலி தலைதூக்கி, நோயாளி கெஞ்சிய பிறகு கொடுத்தால் அதே வலியை அடக்க அதிக மருந்து தேவைப்படும்; "அடுத்தது எப்போது" என்று கடிகாரத்தையே அவர் பார்த்துக்கொண்டிருப்பார்.

இடையில் திடீரென்று வலி கிளம்பினால் கொடுக்க ஒரு கூடுதல் அளவை மருத்துவர் எழுதித் தருவார். பெரும்பாலும் ஒரு நாளைய மொத்த அளவில் பத்தில் ஒரு பங்கிலிருந்து ஆறில் ஒரு பங்குவரை இருக்கும். இதைக் கொடுக்கத் தயங்க வேண்டாம், நோட்டில் எழுதினால் போதும். ஒரே நாளில் மூன்று நான்கு முறை தேவைப்பட்டால் அடிப்படை அளவு போதவில்லை என்று பொருள். காலையிலேயே போன் செய்யுங்கள்.

மார்ஃபின் என்றதும் வரும் மூன்று பயங்களைப் பார்ப்போம். "அடிமையாகிவிடுவார்": வலிக்காக மருத்துவர் கண்காணிப்பில் எடுத்துக்கொள்கிறவர், போதைக்காக ஏங்கும் அடிமையாக மாறுவது அரிது. உடம்பு மருந்துக்குப் பழகும், ஆகவே திடீரென்று நிறுத்தக் கூடாது. அது வேறு விஷயம். "சீக்கிரம் கொன்றுவிடும்": குறைந்த அளவில் தொடங்கி, வலிக்கு ஏற்பப் படிப்படியாகக் கூட்டும்போது அது உயிரைக் குறைப்பதில்லை. கடைசி நேரத்தில் ஒரு டோஸ் கொடுத்த சிறிது நேரத்தில் ஒருவர் இறந்தால், கொடுத்தவர் வாழ்நாள் முழுக்கத் தன்னைக் குற்றவாளியாக எண்ணிக்கொள்வதைப் பார்க்க முடிகிறது. ஏதோ ஒரு டோஸ் கடைசி டோஸாக இருந்தே தீரும். இறப்புக்குக் காரணம் நோய். "இப்போதே கொடுத்தால் பிறகு வேலை செய்யாது": மார்ஃபினுக்கு உச்சவரம்பு என்று ஒன்று இல்லை, தேவைக்கேற்பக் கூட்டிக்கொண்டே போகலாம். உலகில் ஆண்டுதோறும் சுமார் 5.68 கோடிப் பேருக்குத் தணிப்புச் சிகிச்சை தேவைப்படுகிறது, கிடைப்பது சுமார் 14 சதவீதம் பேருக்கே என்கிறது உலக சுகாதார நிறுவனம். இந்தப் பயங்களும், அவற்றிலிருந்து பிறந்த கெடுபிடியான சட்டங்களும் அதற்கு ஒரு முக்கியக் காரணம்.

உண்மையில் பயப்பட வேண்டிய பக்கவிளைவு மலச்சிக்கல். ஆரம்பத்தில் வரும் குமட்டலும் தூக்கக்கலக்கமும் சில நாட்களில் தணியும். மலச்சிக்கல் தானாகத் தணியாது. மார்ஃபின் தொடங்கும் அன்றே மலமிளக்கியும் தொடங்க வேண்டும். எழுதித் தரவில்லையென்றால் கேட்டு வாங்குங்கள். கை கால்கள் வெட்டி வெட்டி இழுத்தாலோ, புதிதாகக் குழப்பமாகப் பேசினாலோ உடனே சொல்லுங்கள். சிறுநீரகம் சரியாக இல்லாதவர்களுக்கு மார்ஃபின் உடலில் தேங்கும். மருந்தையோ அளவையோ மாற்ற வேண்டியிருக்கும். மெதுவாகக் கரையும் வகை மாத்திரையைப் பொடித்துக் கொடுக்கக் கூடாது. பன்னிரண்டு மணி நேரத்துக்கான மருந்து ஒரே மூச்சில் இறங்கிவிடும். ஃபென்டனில் என்ற வலி மருந்து உள்ள, தோலில் ஒட்டும் பட்டையின் மேல் வெந்நீர்ப் பை வைப்பதும் ஆபத்து. சூட்டில் மருந்து வேகமாக உள்ளே போகும்.

எல்லா வலிக்கும் மார்ஃபினே விடையல்ல. சுருக்கென்று மின்சாரம் பாய்வதுபோல, எரிவதுபோல வலித்தால் அது நரம்பு வலி. அதற்கு கபாபென்டின், அமிட்ரிப்டிலின் போன்றவை உண்டு. எலும்புக்குப் பரவிய புற்றுநோயின் வலிக்கு ஒரே ஒரு தடவை கதிர்வீச்சு கொடுத்தாலே பலருக்கு நிம்மதி கிடைக்கும். ஹாஸ்பிஸில் இருப்பவருக்குக் கதிர்வீச்சா என்று திகைக்க வேண்டாம், நோக்கம் வலியைக் குறைப்பது. விழுங்க முடியாதபோது தோலுக்கடியில் மெல்லிய ஊசி செருகி, 24 மணி நேரமும் சிறுகச் சிறுக மருந்து செலுத்தும் கையடக்கப் பம்ப் இருக்கிறது.

படி 7: மற்ற தொந்தரவுகள்

மூச்சுத்திணறல் வந்தால் முதலில் நிமிர்த்தி உட்கார வையுங்கள், முன்னால் சாய ஒரு தலையணை கொடுங்கள், ஜன்னலைத் திறந்து சின்ன மின்விசிறியை முகத்துக்கு நேரே வையுங்கள். முகத்தில் படும் காற்று மூச்சுத்திணறல் உணர்வைக் குறைக்கிறது. ரத்தத்தில் ஆக்சிஜன் குறையாதவர்களுக்குச் சிலிண்டரால் பெரிய பயன் கிடையாது; குறைந்த அளவு மார்ஃபின் அதைவிட நன்றாக உதவும். அறையில் ஒருவர் பதறினால் நோயாளியும் பதறுவார், மூச்சு இன்னும் வாங்கும். பதறுகிறவரை அறைக்கு வெளியே ஏதாவது வேலை கொடுத்து அனுப்புங்கள்.

படுக்கைப் புண்ணுக்கு வருமுன் காப்பதுதான் வழி. இரண்டு மணிக்கொரு முறை திருப்பிப் படுக்க வையுங்கள். இடுப்பின் பின்பக்கம், குதிகால், முழங்கை ஆகியவற்றைத் தினமும் பாருங்கள். சிவந்த இடத்தைத் தேய்க்கக் கூடாது. புற்றுநோய்ப் புண்ணிலிருந்து வரும் நாற்றம் நோயாளியை உறவினர்களிடமிருந்து பிரித்துவிடும்; அவரே "கிட்டே வராதே" என்பார். செவிலியர் சொல்லும் முறைப்படி மெட்ரோனிடசோல் மருந்தைப் புண்ணின் மேலேயே போட்டால் நாற்றம் வெகுவாகக் குறையும். இதை வெட்கப்பட்டுக் கேட்காமல் இருந்துவிடாதீர்கள்.

காத்திருக்கவே கூடாத சில: புதிதாகக் கடும் முதுகுவலியோடு கால்கள் தளர்ந்துபோவது, சிறுநீர் போகாமல் அடைத்துக்கொள்வது. முதுகுத்தண்டு நசுங்குவதன் அறிகுறியாக இருக்கலாம். சில மணி நேரத் தாமதம்கூட நடையைப் பறித்துவிடும். பெரிய ரத்தப்போக்கு வரக்கூடும் என்று மருத்துவர் எச்சரித்திருந்தால் கருநிறத் துண்டுகளைக் கட்டிலருகே வையுங்கள். வெள்ளைத் துணியில் பரவும் சிவப்பு நோயாளியை மிரட்டும் அளவுக்குக் கருந்துணி மிரட்டாது.

படி 8: சாப்பாடு

குடும்பத்துக்குள் சண்டை மூளும் இடம் இது. "பட்டினி போட்டுச் சாகடிக்கிறீர்களா?" என்று தூரத்திலிருந்து வந்த உறவினர் கேட்பார். சாப்பிடாததால் அவர் சாகப்போகிறார் என்று நமக்குத் தோன்றும், உண்மை தலைகீழ். உடம்பு தன் கடையை அடைக்கத் தொடங்கிவிட்டதால் பசி நின்றுபோகிறது. அந்த நிலையில் ஊட்டியது செரிக்காது. வற்புறுத்தினால் வாந்தி வரும், புரையேறி நுரையீரலுக்குள் போகும். கேட்டதை, கேட்ட நேரத்தில், கேட்ட அளவு கொடுங்கள். இரண்டு ஸ்பூன் என்றால் இரண்டு ஸ்பூன்.

கடைசி நாட்களில் டிரிப் ஏற்றினால் நீர் கைகால் வீக்கமாகவும் தொண்டைச் சளியாகவும் சேர வாய்ப்புண்டு. உலர்ந்த வாய்தான் உண்மையான தொல்லை, அதற்கு வாய்ப் பராமரிப்பே மருந்து: நனைத்த பஞ்சால் உதட்டையும் நாக்கையும் மணிக்கொரு முறை ஈரமாக்குங்கள், உதட்டுக்குத் தைலமோ களிம்போ தடவுங்கள். ஊட்டிவிடத் துடிக்கும் கைகளுக்கு இந்த வேலையைக் கொடுங்கள்.

படி 9: பார்த்துக்கொள்கிறவர்

ஒரே ஆள் எல்லாவற்றையும் சுமக்கும் வீடு மூன்றாவது வாரத்தில் உடையும். இரவு முறை போடுங்கள். "ஏதாவது உதவி வேண்டுமா?" என்று கேட்கிறவர்களுக்குக் குறிப்பாகச் சொல்லுங்கள்: செவ்வாய் இரவு நீ வந்து உட்கார், மருந்து வாங்குவது உன் வேலை. "சீக்கிரம் முடிந்துவிட்டால் தேவலை" என்று ஒரு களைத்த இரவில் தோன்றும். தோன்றாதவர்கள் குறைவு, அது அன்பு வற்றியதன் அடையாளம் அல்ல. ஆனால் அது தினமும் தோன்றினால், நோயாளியைச் சில நாள் உள்நோயாளியாக வைத்துக்கொண்டு உங்களைத் தூங்கவிடும் ஏற்பாட்டைக் கேளுங்கள்.

படி 10: கடைசி நாட்கள், கடைசி மணிகள்

தூக்கம் நீளும். விழித்திருக்கும் நேரம் நாளுக்கு நாள் சுருங்கும். இறந்துபோனவர்களோடு பேசுவார், ஊருக்குப் புறப்பட வேண்டும் என்பார்; அவருக்குப் பயமில்லையென்றால் திருத்த வேண்டாம். சிலர் திடீரென்று ஒரு நாள் தெளிந்து எழுந்து உட்கார்ந்து பேசுவார்கள். குணமாகிவிட்டார் என்று மருந்தை நிறுத்திவிடாதீர்கள், பேச வேண்டியதை அன்றே பேசிவிடுங்கள்.

அமைதியில்லாமல் புரண்டு துணியைப் பிடுங்கினால் சிறுநீர்ப்பை நிரம்பியிருக்கிறதா, மலம் அடைத்திருக்கிறதா, வலியா என்று முதலில் பார்க்க வேண்டும். எதுவும் இல்லையென்றால் அமைதிப்படுத்தும் மருந்துகள் உண்டு. குழு முன்பே ஒரு பெட்டியில் வைத்துவிட்டுப் போயிருக்கும்.

மணிகள் நெருங்கும்போது சிறுநீர் குறைந்து அடர்நிறமாகும். கை கால் குளிரும், முழங்காலிலும் பாதத்திலும் ஊதாத் திட்டுகள் தோன்றும். மூச்சு ஆழமாகி, மெலிந்து, அரை நிமிடம்கூட நின்று, மறுபடி தொடங்கும். தொண்டையில் களகளவென்று ஒரு சத்தம் வரும். கேட்பவர்களுக்கு அது கொடுமை; விழுங்க மறந்த சளியில் காற்று உரசும் ஒலி அது, நினைவிழந்தவருக்கு அதனால் பொதுவாக வேதனை இல்லை. குழாய் விட்டு உறிஞ்சுவதைவிட ஒருக்களித்துப் படுக்க வைப்பது மேல்.

பேசிக்கொண்டே இருங்கள். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தார் 2020இல் வெளியிட்ட ஆய்வில், எதற்கும் அசையாத நிலையிலிருந்த ஹாஸ்பிஸ் நோயாளிகள் சிலரின் மூளை ஒலிகளுக்குப் பதில் காட்டியதை மின்அலைப் பதிவு காட்டியது. சொத்துத் தகராறை அந்த அறையில் பேசாமலிருக்க இது ஒன்றே போதுமான காரணம். விடிய விடிய உட்கார்ந்திருந்துவிட்டு, முகம் கழுவப் போன ஐந்து நிமிடத்தில் உயிர் பிரிவதும் அடிக்கடி நடப்பது. அதற்காகத் தன்னை நொந்துகொள்ளத் தேவையில்லை.

படி 11: அதன் பிறகு

மூச்சு நின்று, மார்பு அசையாமல், கண்மணி நிலைத்து, தாடை தளர்ந்திருக்கும். நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டாம். அவர்கள் வந்தால் மார்பை அழுத்தத் தொடங்குவது அவர்கள் கடமை. நோட்டின் முன் அட்டையில் இருக்கும் எண்ணைக் கூப்பிடுங்கள். அவசரம் எதுவும் இல்லை. போன் செய்வதற்கு முன் கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம். சான்றளிப்பவர் வந்த பிறகு செவிலியர் ஊசிகளையும் குழாய்களையும் எடுப்பார், உடலைத் தூய்மைப்படுத்த உதவுவார். தோலில் ஃபென்டனில் பட்டை இருந்தால், அதை அகற்றும்போது ஒட்டும் பக்கம் உள்ளே வருமாறு மடிக்க வேண்டும். பயன்படுத்திய பட்டையிலும் ஒரு குழந்தையின் உயிரைப் பறிக்கும் அளவு மருந்து மிச்சமிருக்கும். மீந்த மார்ஃபினை எண்ணிக் குழுவிடம் ஒப்படைத்துக் கையெழுத்து வாங்குங்கள்.

காற்று மெத்தையும் கட்டிலும் திரும்பிப் போன பிறகு அறை பெரிதாகத் தெரியும். இரவு இரண்டு மணிக்கு, கொடுக்க மருந்து இல்லாதபோதும், விழிப்பு வரும். பல வாரங்களுக்கு வரும். ஹாஸ்பிஸின் வேலை இங்கேயும் முடிவதில்லை. நல்ல குழுக்கள் சில வாரங்களில் ஒருமுறையும், பிறந்த நாள், நினைவு நாள் போன்ற கனமான நாட்களை ஒட்டியும், ஏறத்தாழ ஒரு வருடம்வரை குடும்பத்தோடு தொடர்பு வைத்திருக்கும். ஆறு மாதத்துக்குப் பிறகும் அன்றாடம் நடக்காத அளவுக்குத் துக்கம் இறுக்கிப் பிடித்திருந்தால், அதற்கென்று சிகிச்சை உண்டு. குழு கூப்பிடும்போது "நாங்கள் நன்றாக இருக்கிறோம்" என்று சொல்லி வைத்துவிடாமல், அந்த இரண்டு மணி விழிப்பைப் பற்றிச் சொல்லுங்கள்.